கண்டாங்கித் துணியில் ஒட்டுப்போர்வை: முதல் வரிசையைப் பிசகில்லாமல் தைப்பது எப்படி?

ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முழுப் போர்வையையும் மனசில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். இரண்டாவது வரிசையோடு மூன்றாவதைச் சேர்க்கும்போதுதான் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று தெரியவரும். அந்நேரம் பிரிக்க மனசு வராது. இழுத்துப் பிடித்துத் தைத்துவிடுவார்கள். போர்வை தரையில் படியாமல் அலையலையாக எழும்பி நிற்கும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வரிசைக்கு மட்டும்தான். 12 சதுரங்கள், தைத்து முடித்த நீளம் 54½ இஞ்ச். இதே அளவில் 18 வரிசைகள் சேர்ந்தால் ஒற்றைக் கட்டிலுக்குப் போதுமான மேல்துணி வந்துவிடும். பஞ்சு வைப்பது, அடித்துணி போடுவது, ஓரம் கட்டுவது எதையும் இங்கே தொடவில்லை.

துணி, நம் செட்டிநாட்டுப் பக்கத்துக் கண்டாங்கி என்னும் பருத்திச் சேலை. காரைக்குடி, கானாடுகாத்தான் தறிச் சேலைகள் கனமானவை. அகலமான கரை, கட்டம், கோடு எல்லாம் உண்டு. மில் துணியில் ஒட்டுவேலை செய்தவர் அதே கணக்கோடு இதில் இறங்கினால் இரண்டு மூன்று இடங்களில் இடறுவார். அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

1. முதலில், ரவிக்கைப் பழக்கத்தை ஓரமாக வையுங்கள்

தையல் தெரியாதவரைவிட, ரவிக்கை தைத்துப் பழகியவருக்குத்தான் இந்த வேலை முதலில் தகராறு செய்கிறது. ரவிக்கையில் உள்ளே தாராளமாகத் துணி விடுவோம். “ஓரம் கொஞ்சம் விட்டாத்தானே அக்கா, பின்னாடி பிரிச்சு விட முடியும்?” என்று கேட்காதவர்கள் குறைவு. போர்வையை யாரும் பிரித்து விடப் போவதில்லை. இங்கே தையலுக்கு வெளியே விடுவது கால் இஞ்ச், எல்லா இடத்திலும் அதே கால் இஞ்ச்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 5 இஞ்ச் சதுரம் 12 வைத்தால் 60 இஞ்ச். நடுவில் 11 தையல். ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கமும் சேர்த்து அரை இஞ்ச் தின்னும், ஆக 5½ போகும். மிச்சம் 54½. ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனாலும், 11 தையலில் அது 1⅜ இஞ்சாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத பிசகு, வரிசை முடியும்போது இரண்டு விரல் அகலத்துக்கு வந்து நிற்கிறது.

2. கையில் இருக்க வேண்டியவை

மிதி மெஷினோ மோட்டார் மெஷினோ, நேர்த்தையல் போடுவது போதும். ஜிக்ஜாக் தேவையில்லை. சேலையின் உடல் பகுதிக்கு 14 நம்பர் ஊசி சரியாக இருக்கும். கரைத்துணி அதிகம் வைத்தால் 16. புது ஊசி போட்டுவிடுங்கள். மழுங்கிய ஊசி கனத்த நெசவில் இறங்கும்போது டொக் டொக்கென்று சத்தம் போடும், இழையையும் இழுத்துவிடும்.

நூல் பருத்தியாக இருந்தால் நல்லது. கடையில் பாலியெஸ்டர்தான் கிடைத்தாலும் குற்றமில்லை. நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெளிர் சாம்பல் நூல் ஒன்று எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகும். அரக்குக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்தால் வேலை நகராது.

அப்புறம் ஸ்டீல் ஸ்கேல், கூரான பென்சில், குண்டூசி, துணிக்கென்றே வைத்த கத்தரிக்கோல், தையல் பிரிக்க ஒரு பிளேடு, இஸ்திரிப் பெட்டி. இஞ்ச் டேப்பை வெட்டும் அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள். பழைய டேப் நீண்டிருக்கும். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே ஸ்கேல்தான்.

3. சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஐந்தாறு சேலைகளின் துணி ஒரு வரிசைக்குத் தாராளம். பழைய சேலை மெத்தென்று இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல்தான் கை போகும். சரி, எடுக்கலாம். ஆனால் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வெயில் விழும் இடத்தில் நின்று துணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கொசுவம் மடிந்த இடத்திலும் காலில் உரசும் கீழ்ப்பகுதியிலும் நெசவு சல்லடைக் கண்ணாகத் தெரிந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். இப்போது கிழியாதது போர்வையிலும் கிழியாது.

ஒரே வரிசையில் கனமும் மெல்லிசும் கலக்க வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கரை இல்லாத கண்டாங்கிப் போர்வையில் என்ன அழகு இருக்கிறது? அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 12 துண்டில் மூன்று அல்லது நான்கு மட்டும் கரை, இரண்டு கரைத்துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. கரையில் நெசவு நெருக்கம். இரண்டு கரை சந்திக்கும் தையலில் துணி தடித்துப்போய், அடுத்த வரிசையைச் சேர்க்கும்போது ஊசி திணறும். சரிகைக் கரை வேண்டவே வேண்டாம். சூடான இஸ்திரிக்கு அது தாங்காது.

4. அலசுங்கள், சாயம் பாருங்கள், கஞ்சி போடுங்கள்

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். புதுத்துணியாக இருந்தால் இரண்டு முறை. பருத்தி சுருங்கும், ஒவ்வொரு சேலையும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் சதுரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

அரக்கும் கறுப்பும்தான் சாயம் விடுவதில் முன்னால் நிற்பவை. உப்புத் தண்ணீரில் போட்டால் நின்றுவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அலசிய துணியின்மேல் நனைத்த வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் சாயம் மிச்சமிருக்கிறது. மூன்று நான்கு அலசலுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் அந்தச் சேலை இந்தப் போர்வைக்கு ஆகாது. பக்கத்தில் மஞ்சள் இருந்தால் முதல் சலவையிலேயே பாழ்.

நிழலில் காயவைத்து, கஞ்சி போடுங்கள். சேலைக்குப் போடும் அதே சோற்றுக்கஞ்சி, நன்றாக வடிகட்டி, நீர்க்க. கஞ்சி போட்ட துணி வெட்டும்போது கோணாது, மெஷினுக்கு அடியில் நழுவாது, கைத்தறித் துணியின் ஓரம் பிரிந்து வருவதும் குறையும். பழைய சேலை தளர்ந்து கிடப்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். கட்டி கட்டியாகக் கஞ்சி ஒட்டினால் அந்த இடம் தீய்ந்து பழுப்பாகும், வடிகட்டச் சொன்னது அதற்குத்தான்.

கஞ்சித் துணியை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள், பூச்சி வரும். போட்டால் சீக்கிரம் தைத்துவிட வேண்டும்.

5. வெட்டு: கட்டத்தை நம்பாமல் இழையை நம்புங்கள்

கட்டம் போட்ட சேலையைப் பார்த்ததும், கோட்டின் மேலேயே வெட்டிவிடலாமே என்று தோன்றும். செய்ய வேண்டாம். கைத்தறிக் கட்டம் பார்வைக்குச் சதுரமாக இருக்கும். ஸ்கேல் வைத்தால் நீளமும் அகலமும் ஒத்துவராது. ஊடையை, அதாவது தறியில் குறுக்கே ஓடும் இழையை, அடிக்கும் அழுத்தத்தைப் பொறுத்து கட்டம் நெருங்கும், விரியும்.

நேர்க்கோடு வேண்டுமானால் ஓர் இழையை உருவுங்கள். துணியின் ஓரத்தில் சின்னதாக வெட்டி, ஊடை இழை ஒன்றை ஊசி முனையால் தூக்கி மெல்ல இழுத்தால், துணி சுருங்கிக்கொண்டே வந்து இழை வெளியே வரும். நடுவில் அறுந்தால் பரவாயில்லை, அறுந்த இடம் வரை வெட்டிவிட்டு அடுத்த முனையைத் தேடிப் பிடியுங்கள். இழை போன தடம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அதுதான் உங்கள் முதல் நேர்வெட்டு. கையால் கிழித்தாலும் நேராகத்தான் வரும், ஆனால் கிழித்த ஓரம் சுருண்டு இழைகள் நகர்ந்துவிடும். கால் இஞ்ச் தையலுக்கு அந்த ஓரம் லாயக்கில்லை.

அந்த நேர்வெட்டிலிருந்து ஸ்கேலால் 5 இஞ்ச் அகலப் பட்டைகள் வரைந்து வெட்டுங்கள். பிறகு பட்டையைக் குறுக்கே 5 இஞ்சாக. உடல் பகுதியில் 40 இஞ்ச் கிடைத்தால் ஒரு பட்டைக்கு 8 சதுரம் வரும்.

அளவு அட்டை வைத்து வரைபவர்கள் சேலைப் பெட்டி அட்டையைத்தான் வெட்டிக்கொள்வார்கள். பென்சில் பட்டுப் பட்டு அதன் விளிம்பு தேயும், மூலை உருண்டுவிடும். பத்துப் பதினைந்து துண்டுக்கு ஒரு முறை அட்டையை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அட்டைக்கு அடியில் சின்ன உப்புத்தாள் துண்டு ஒட்டினால் நழுவாது. டெய்லர் சாக்கைத் தவிர்ப்பது நல்லது. மொட்டையான சாக் போடும் கோடே ஒரு நூல் கனம் இருக்கும், கோட்டின் எந்தப் பக்கம் வெட்டினோம் என்பதிலேயே அளவு மாறிப்போகும்.

ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கமும் பாவு, அதாவது சேலையின் நீளவாக்கு இழை, ஓடும் திசையைப் பென்சிலால் ஒரு சின்ன அம்புக்குறியாகப் போட்டு வையுங்கள். வரிசையின் நீளத்துக்கு இணையாக எல்லா அம்புகளும் படுத்திருக்க வேண்டும். பாவுத் திசையில் துணி அவ்வளவாக இழுபடாது, அதனால் வரிசை நீளாது. கரைத்துண்டும் இப்படி வைத்தால் கரை படுக்கையாக வரும். அது பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

6. தரையில் அடுக்கிப் பாருங்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் நேரடியாக அடுக்காதீர்கள். தரையின் பூவும் கட்டமும் துணியின் நிறத்தோடு கலந்து கண்ணை ஏமாற்றும். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் அடுக்குங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். நான் பார்ப்பது ஒன்றுதான்: அடர்த்தியும் வெளிரும் மாறி மாறி வருகிறதா என்று. அரக்கும் கரும்பச்சையும் வேறு வேறு நிறம்தான். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தி, பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து ஒரே திட்டாகத் தெரியும். நடுவில் கடுகு மஞ்சளோ வெளிர் சாம்பலோ வந்தால் இரண்டும் தனியாக எழும்பி நிற்கும். சந்தேகமாக இருந்தால் போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள்.

திருப்தியானதும் 1 முதல் 12 வரை காகிதத் துண்டில் எழுதி, ஒவ்வொரு சதுரத்தின் இடது மேல் மூலையிலும் குண்டூசியால் குத்துங்கள். எண் எந்த மூலையில் இருக்கிறது என்பதே துண்டு தலைகீழாகத் திரும்பிவிட்டதா என்று காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் மெஷினுக்குப் போகிறவர்கள்தான் பாதியில் எழுந்து வந்து தரையைப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் மின்விசிறி பாதித் துண்டுகளைப் பறக்கடித்திருக்கும்.

7. மெஷினில் கால் இஞ்சைக் கட்டிப்போடுங்கள்

துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் விளிம்பே கால் இஞ்ச் என்று எண்ணிவிட வேண்டாம். மெஷினுக்கு மெஷின் அது மாறும். பாதத்தைத் தூக்கி, அடியில் ஸ்கேலை வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசி முனையைச் சரியாகக் கால் இஞ்ச் கோட்டில் இறக்குங்கள். ஸ்கேலின் வலது விளிம்பு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில், பாதத்துக்கு முன்னால் தட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நாலைந்து அடுக்கு ஒட்டினால் சின்ன மேடு உண்டாகும், துணியின் ஓரம் அதில் இடித்துக்கொண்டே நேராகப் போகும். துணியைத் தள்ளும் பல்லின்மேல் டேப் படக் கூடாது.

தையல் நீளம் இஞ்சுக்கு 10 முதல் 12. ரவிக்கைக்கு வைக்கும் அளவைவிடப் பெரிதாக வைத்தால் ஓரத்தில் வாய் பிளக்கும். மிகச் சிறிதாக வைத்தால், தப்பு வந்தால் பிரிப்பதற்குள் துணியே போய்விடும்.

இப்போது சோதனை. கழிவுத்துணியில் 2 இஞ்ச் அகலம், 5 இஞ்ச் நீளத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, 5 இஞ்ச் ஓரங்களை ஒன்றோடு ஒன்று தைத்து இஸ்திரி போடுங்கள். மூன்றும் சேர்ந்து 5 இஞ்ச் இருக்க வேண்டும், நடுப்பட்டை 1½. நடுப்பட்டை குறைந்தால் உங்கள் தையல் அகலமாகப் போகிறது, டேப்பை ஊசிப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். கூடினால் மறுபக்கம். நம் துணியில் பெரும்பாலும் குறையத்தான் செய்யும். கனமான துணி தையலில் மடிந்து திரும்பும்போது அந்த மடிப்பே கொஞ்சம் அளவைச் சாப்பிட்டுவிடும். அதனால் கால் இஞ்சைவிட ஓர் இழை குறைவாகவே ஓரம் விட்டுத் தைப்பதுதான் கடைசியில் சரியாக வருகிறது.

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேரே வரிசைக்குப் போகாதீர்கள். 

8. ஜோடி ஜோடியாகச் சேருங்கள்

1ஐ 2ஓடு, அதோடு 3, அதோடு 4 என்று நீட்டிக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வால் நீள நீள அதன் கனம் துணியை இழுக்கும், தையலும் கோணும். எங்கே அளவு தப்பியது என்றும் தெரியாது. அதனால் 1-2, 3-4, 5-6 என்று ஆறு ஜோடிகள்.

இடது துண்டை நல்ல பக்கம் மேலே தெரிய வையுங்கள். வலது துண்டை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். தைக்க வேண்டியது வலது ஓரம். ஆறு ஜோடிக்கும் இதே வழக்கம், மாற்றாதீர்கள். ஓரங்கள் ஒத்துவராவிட்டால் மட்டும், அதே ஓரத்தைத் தைக்கும்படி ஜோடியைப் புரட்டி நீளமான துண்டை அடியில் விடுங்கள், பல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொள்ளும். குண்டூசியைத் தையலுக்குக் குறுக்கே குத்தி, ஊசி வருவதற்கு முன் உருவிவிடுங்கள்.

முதல் ஜோடிக்கு முன் ஒரு கழிவுத்துணியில் தைத்துக்கொண்டு வந்து, நூலை வெட்டாமல் அப்படியே ஜோடியை நுழையுங்கள். பழைய மெஷின்கள் தொடக்கத்தில் துணியின் மூலையைத் தட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். அது கழிவுத்துணியோடு போகட்டும். ஒரு ஜோடி முடிந்ததும் பாதத்தைத் தூக்காமல், இரண்டு தையல் வெறுமனே ஓடவிட்டு அடுத்த ஜோடியைக் கொடுங்கள். பூத் தொடுப்பதுபோல ஆறு ஜோடியும் ஒரே நூலில் தொங்கும். கடைசியில் வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்திலும் முடிவிலும் திருப்பித் தைத்து முடிச்சுப் போட வேண்டியதில்லை. வரிசைகளைச் சேர்க்கும் தையல் இந்த முனைகளின்மேல் குறுக்கே ஓடி இறுக்கிவிடும். திருப்பித் தைத்தால் முனை தடித்து, அங்கேதான் ஊசி உடையும்.

9. இஸ்திரி: ஒரே பக்கம்

முதலில் தைத்தது தைத்தபடியே, மடிப்பைத் திறக்காமல் தையலின்மேல் ஒரு அழுத்து. நூல் துணிக்குள் பதியும். பிறகு ஜோடியைத் திறந்து, உள்ளே உள்ள இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒரே பக்கம் சாயுங்கள். முதல் வரிசைக்கு எல்லாம் வலப்பக்கம். ரவிக்கையில் செய்வதுபோல இரண்டாகப் பிரித்து விரிக்க வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான் அடுத்த வரிசையின் தையல் இதில் வந்து முட்டி உட்காரும்.

பெட்டியை வைத்து அழுத்தி எடுங்கள், சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுக்காதீர்கள். கஞ்சித் துணியாகவே இருந்தாலும் சூட்டில் இழுத்தால் கோணும். வெளிர் துணிக்கு அடியில் கறுப்பு ஓரம் நிழலாடினால், கறுப்பு ஓரத்தை மட்டும் இரண்டு இழை குறைத்து நறுக்குங்கள்.

ஜோடியின் அகலம் இப்போது 9½ இருக்க வேண்டும். ஆறையும் அளந்துவிடுங்கள்.

10. நான்கு, எட்டு, பன்னிரண்டு

ஜோடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு சதுரம் கொண்ட பட்டைகள் மூன்று, ஒவ்வொன்றும் 18½ இஞ்ச். அதில் இரண்டைச் சேர்த்தால் 36½. மூன்றாவதையும் சேர்த்தால் 54½. ஒவ்வொரு கட்டத்திலும் இஸ்திரி போட்டுவிட்டுத்தான் அடுத்த தையல். நீண்ட துணியை மேசைமேல் தாங்கவிடுங்கள். மடியில் தொங்கினால் கனம் இழுக்கும்.

11. அளவு தப்பினால்

வரிசையை இழுக்காமல் தரையில் படுக்கவைத்து, அகலத்தின் நடுவில் அளங்கள். ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் நீண்டிருக்கும், அதை நம்ப முடியாது.

எட்டில் ஒரு இஞ்ச் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம், வரிசைகளைச் சேர்க்கும்போது குண்டூசியிலேயே சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சதுரத்தையும் தனியாக அளங்கள். நடுவில் இருப்பவை 4½, முனையில் இருப்பவை 4¾ வர வேண்டும். பெரும்பாலும் தப்பு ஒன்றிரண்டு தையலில்தான், அதுவும் கரைத்துண்டு பக்கத்தில்தான் இருக்கும். நீளம் கூடியிருந்தால் பழைய தையலைப் பிரிக்க வேண்டாம், ஓர் இழை உள்ளே தள்ளி இன்னொரு தையல் போட்டால் போதும். குறைந்திருந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிக்கும்போது இரண்டு துணியையும் பிடித்துக் கிழிப்பதுபோல இழுக்காதீர்கள். ஒரு பக்கத்து நூலை நாலு தையலுக்கு ஒன்றாகப் பிளேடின் மூலையால் வெட்டிவிட்டு, துணியைத் திருப்பி மறுபக்க நூலைப் பிடித்து இழுங்கள். முழு நீளமும் ஒரே இழுப்பில் வந்துவிடும், நெசவுக்கு ஒன்றும் ஆகாது. கெட்ட ஓரத்துக்குக் கொஞ்சம் கஞ்சி தடவி இஸ்திரி போட்டுவிட்டு மறுபடி தையுங்கள்.

12. அடுத்த வரிசைக்குப் போகும் முன்

முடிந்த வரிசையின் முதல் துண்டில் வரிசை எண்ணையும், ஓரங்கள் சாய்ந்த திசையையும் ஒரு காகிதத்தில் எழுதிக் குத்துங்கள். மடிக்காமல் செய்தித்தாள் குழாயில் சுற்றி வையுங்கள். அச்சு மை ஒட்டாமலிருக்க நடுவில் ஒரு வெள்ளைத்துணி.

இரண்டாவது வரிசைக்கு ஓரங்களை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், மூன்றாவதுக்கு மறுபடி வலம். இரண்டு வரிசையும் தயாரானதும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு ஒன்றின்மேல் ஒன்று வைத்து, தையல் சந்திக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். எதிரெதிராகச் சாய்ந்த ஓரங்கள் முட்டிக்கொண்டு நிற்பது விரலிலேயே தெரியும். தடிப்பாக ஒரு மேடு தட்டுப்பட்டால் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. நகர்த்தி உட்காரவைத்துவிட்டுக் குண்டூசியைக் குத்துங்கள். 11 சந்திப்புக்கும் 11 குண்டூசி, முனைக்கு இரண்டு.